கேள்வி கேட்க ஓர் ஆள்

மகளைப் பதினோராம் வகுப்பில் சேர்க்கப் போன அன்று, பள்ளி அலுவலகத்தில் இருந்த கிளார்க் பேனாவை நிறுத்திவிட்டு, "லாங்குவேஜ் இன்னா போடட்டும்? தமிழா, பிரெஞ்சா?" என்று கேட்டார். நான் "தமிழ்" என்று சொன்னேன். அதே நேரத்தில் அவள் "பிரெஞ்ச் சார்" என்றாள்.

கிளார்க் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னிடம் சமாதானமாகச் சொன்னார். "பிரெஞ்ச் எடுத்தா மார்க் வரும்மா. டாக்டர் வீட்டுப் பிள்ளைங்க, எக்ஸ்போர்ட் கம்பெனி வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் இங்க அதான் எடுக்கறாங்க."

நான் தலையாட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். வாணியம்பாடிக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்து பி.ஏ. முடித்தேன். பி.எட். படிக்க நினைத்த வருடம் கல்யாணமாகிவிட்டது. மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் சேர்ந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன். ஷூவுக்குள் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டித் திணித்து, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைப் போட்டு, ஜோடி பார்த்துப் பெட்டியில் வைக்கிற வேலை. என் படிப்பு எங்கேயும் தேவைப்படவில்லை. ஆனால் மகள் ப்ளஸ் ஒன்னுக்கு வந்தால் செய்யுள் பகுதியை நான் சொல்லித்தரலாம், சாயங்காலங்களில் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து உட்காரலாம் என்று மனதுக்குள் ஓர் எண்ணம் வைத்திருந்தேன். அவளுடைய பெயரைக்கூட நான்தான் ஒரு பழைய பாட்டிலிருந்து எடுத்து வைத்தேன். அவள் அப்பா வீட்டில் எல்லோரும் வாயில் நுழையாத பேர் என்று முணுமுணுத்தார்கள்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில் அவள் கேட்டாள்.

"கோவமா?"

"இல்ல."

"மார்க்குக்குத்தான்மா."

"தெரியுது."

அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் பேச்சு அவ்வளவுதான் நீளும்.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. அவள் அப்பா இருந்தபோது வீட்டில் ஓயாத சத்தம். அவரும் ஷூ கம்பெனிக்காரர், கட்டிங் செக்ஷனில் சூப்பர்வைசர். தோலைத் தடவிப் பார்த்தே எங்கே வெட்டலாம், எங்கே கூடாது என்று சொல்லிவிடுவார். இந்தப் பக்கத்து ஆட்கள் பலர் எத்தியோப்பியாவில் புதிதாக வந்த ஷூ ஃபாக்டரிகளுக்குப் போய்க்கொண்டிருந்த சமயம், அவருக்கும் ஒரு வேலை வந்தது. மகள் அப்போது எட்டாம் வகுப்பு. முதல் வருடம் தினமும் வீடியோவில் பேசினார். ஒருமுறை லீவில் வந்து, ஒரு மூட்டை காப்பிக்கொட்டை கொண்டுவந்து தெருவெல்லாம் கொடுத்தார். அதற்கடுத்த லீவுக்கு வரவில்லை. காண்ட்ராக்டை நீட்டித்துவிட்டார்கள் என்றார். அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

கம்பெனி பஸ் மாதனூரிலிருந்து புறப்பட்டு எங்கள் தெரு முனைக்கு வரும். மாதனூரில் ஏறுகிற ஒருத்தி எனக்கு எப்போதும் ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருப்பாள். தையல் செக்ஷன்காரி, என்னைவிட இளையவள். அவளுடைய தம்பியும் அதே எத்தியோப்பியா ஃபாக்டரியில் வேலைக்குப் போயிருந்தான். மகள் பத்தாவது படிக்கும்போது அவன் லீவில் வந்தான். இரண்டு நாள் கழித்து பஸ்ஸில் அவள் என் பக்கம் சாய்ந்து, "அக்கா, ஒண்ணு சொல்லணும். சொல்லலாமா வேணாமான்னு நேத்துலர்ந்து ஒரே பேஜாரா இருக்கு" என்றாள்.

"சொல்லு."

"மாமா அங்க ஒரு பொண்ணோட இருக்காராம்க்கா. கொழந்தை பொறந்திருக்காம்."

நான் வெளியே பார்த்தேன். பைபாஸில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. "யார்கிட்டயும் சொல்லாத" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கம்பெனி கேட் வரும்வரை விடவில்லை.

அவரிடம் கேட்டேன். மகள் டியூஷன் போயிருந்த நேரத்தில், மாடிப்படியில் நின்றுகொண்டு கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "பாப்பா டென்த் முடிக்கட்டும். அப்புறம் பேசலாம்" என்றார். டென்த் முடிந்தது. ப்ளஸ் டூ முடியட்டும் என்று நானே நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீடியோவில் வருவார். நானும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவோம். "இன்னா சமையல்?" என்பார். சொல்வேன். "அங்க மழையா?" என்பேன். சொல்வார். நான் சிரிப்பேன். கால் முடிந்ததும் மகள் எழுந்து உள்ளே போய்விடுவாள், நான் பாத்திரம் கழுவப் போவேன்.

சொல்வதற்கு ஆள் இல்லாமல் ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டிருப்பது உடம்புக்குள் ஏதோ செய்கிறது. நான் பேச்சையே குறைத்துவிட்டேன். பேக்கிங் டேபிளில் பக்கத்துப் பெண்கள் மருமகளைப் பற்றி, சீட்டுப் பணத்தைப் பற்றிப் பேசும்போது பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்தால் மகள் காதில் ஹெட்போனோடு புத்தகத்தின் முன் இருப்பாள். "சாப்டியா?" என்றால் "ம்" என்பாள். நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம், பெரிய குடும்பம். அவர்கள் உருதுவில் சண்டை போடுவதும் சிரிப்பதும் தரை வழியாக மேலே வரும். சில நாட்கள் நான் தையல் மிஷினை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, ஒன்றும் புரியாமலே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் மாடியில் கேட்டதெல்லாம் பிரெஞ்சு. மகள் சத்தம் போட்டுப் படிப்பாள். முதலில் தொண்டையில் தண்ணீர் வைத்துக் கொப்பளிக்கிற மாதிரி இருந்தது. அந்த மொழியில் 'ர'வை அப்படித்தான் சொல்ல வேண்டுமாம். போகப் போக அது ஒரு ராகம் மாதிரி ஆனது. எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அது என்ன என்று நான் கேட்டதில்லை. அது அவள் கதவைச் சாத்திக்கொள்கிற அறை என்று நினைத்தேன்.

ப்ளஸ் டூவில், பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் ஒரு நாள் அவள் முகம் வாடி வந்தாள். நான் டீயை வைத்துவிட்டு நின்றேன். தானாகவே சொன்னாள்.

"மிஸ் ஓரல் டெஸ்ட் வெக்கறாங்களாம். பேசிக் காட்டணும். இன்டர்னல் மார்க் அதுலதான்."

"நீதான் நல்லா படிக்கறியே."

"படிக்கறது வேறம்மா. ஒருத்தர் கேக்கணும், ஒருத்தர் சொல்லணும். பார்ட்னர் வெச்சு பிராக்டிஸ் பண்ணுங்கன்னாங்க. அவங்க மூணு பேரும் டியூஷன்ல சேர்ந்து பண்றாங்க."

அவள் வகுப்பில் பிரெஞ்சு எடுத்தவர்கள் நான்கே பேர். மற்ற மூன்று பேரும் சனிக்கிழமை ஒரே காரில் வேலூருக்கு டியூஷன் போகிறவர்கள். மிஸ்ஸும் வேலூரிலிருந்துதான் வந்துபோனார்.

"நீ இன்னா பண்ணப் போற?"

"கண்ணாடியப் பாத்து நானே கேட்டுக்கறேன்."

"நான் கேக்கறேன்" என்றேன்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "உனக்கு வராதும்மா."

"தமிழ்ல எழுதிக் குடு. படிக்கறேன்."

அவள் நம்பிக்கையில்லாமல்தான் எழுதினாள். ஒரு முழுப் பக்கம் கேள்விகள். அர்த்தம் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் பாடம் நடத்துகிற அலுப்பு வந்து, வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. எப்படியோ தினமும் அவள் என் எதிரில் உட்காரப் போகிறாள். எனக்கு அது போதும்.

"கொமான் தாப்பெல் தூ", இது முதல் கேள்வி. அவள் தன் பெயரைச் சேர்த்துப் பதில் சொன்னதால், பெயர் கேட்கிறேன் என்று புரிந்தது. "ஊ அபித் தூ" என்று கேட்டால் ஆம்பூர் என்று வந்தது. ஊரைக் கேட்க 'ஊ' என்கிறார்களே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பிரெஞ்சுக்காரர்கள் தமிழிலிருந்து கொஞ்சம் எடுத்துப் போயிருக்கிறார்கள் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து பஸ்ஸில் மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். செய்யுள் மனப்பாடம் செய்து பழகிய வாய்தானே. சீர் பிரித்துச் சொல்லிப் பார்த்தேன். மாதனூர்க்காரி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"இன்னாக்கா, ஜெபமா?"

"பிரெஞ்ச்."

"அய்யய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நம்ம பொட்டில ஒட்டறோமே ஸ்டிக்கரு, அந்த பாஷையா?"

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் பெட்டியின் ஓரத்தில் நான்கைந்து மொழியில் ஏதேதோ அச்சடித்திருக்கும். அதில் ஒன்று பிரெஞ்சாக இருக்கலாம். இத்தனை வருடமாக என் விரல் அதன்மேல் போய்வந்திருக்கிறது. அன்று சாயங்காலம் ஒரு கிழிந்த டேக்கை எடுத்துப் போய் மகளிடம் காட்டினேன். ஒரு சொல்லைத் தொட்டு, "க்யுயிர். தோல்னு அர்த்தம்" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்து, "நீ டெய்லி பிரெஞ்ச்தான் பேக் பண்ணியிருக்க" என்றாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அதிலிருந்து தினமும் டீ குடித்து முடித்ததும் உட்காருவோம். அவள் கட்டிலில், நான் கீழே, மறுநாளைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ. நான் கேட்பேன். அவள் பதில் சொல்வாள். என் உச்சரிப்பு தவறினால் திருத்துவாள். நான் திரும்பச் சொல்வேன். நடுவில் ஒரு கேள்வி, "கெ ஃபே தோம் பேர்." அதில் வரும் 'பேர்' என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் கேள்வி பெயர் என்ன என்பது. இது பெயரைப் பற்றிய இன்னொரு கேள்வி, யார் வைத்தது, என்ன அர்த்தம் என்பது போலிருக்கிறது என்று நினைத்தேன். 'ஊ' ஊரென்றால் 'பேர்' பேராகத்தானே இருக்க வேண்டும்? அதைக் கேட்கும்போது மட்டும் நான் கொஞ்சம் ஆசையாகக் கேட்பேன். அவள் சின்னதாக ஒரு வாக்கியம் சொல்லி முடித்துவிடுவாள்.

"இதுக்கு இன்னும் கொஞ்சம் பெருசா சொல்லக்கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எதுக்கு?"

"சும்மாதான். சொல்ல நெறைய இருக்குமே."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அன்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, அந்தக் கேள்வி வந்ததும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். புத்தகப் பதில்கள் ஒரே மூச்சில் ஓடும். இது அப்படி இல்லை. ஒரு சொல்லைத் தேடி நிறுத்தி, கிடைத்ததும் மெதுவாக எடுத்து வைத்து, மறுபடி நிறுத்தி, அப்படி வெகுநேரம் சொன்னாள். நான் வெங்காயத்தை விட்டுவிட்டுக் கேட்டேன். நான் அவளுக்குப் பெயர் வைத்த கதையைச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் தொட்டிலுக்கு மேல் குனிந்து அந்தப் பெயரை நான் முதன்முதலில் சொன்னது, அவள் பாட்டனார் முறைத்தது, எல்லாம் சின்ன வயதில் அவளுக்கு ஆயிரம் தடவை சொன்னதுதான். அதை ஒரு வெளிநாட்டு மொழியில் சொல்கிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

'மா மேர்' என்று பலமுறை வந்தது. மேர் என்றால் அம்மா என்று எனக்குத் தெரியும். இன்னொரு கேள்விக்காக அவளே சொல்லியிருந்தாள். பிறகு 'எத்தியோப்பி' என்று வந்தது. பெயர் வைத்த கதையில் எத்தியோப்பியா எங்கே வந்தது என்று யோசித்தேன். அவள் முகம் சுவர் பக்கமே இருந்தது. கன்னத்தில் ஈரம். கடைசியில் ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொன்னாள். "மா மேர் நெ ஸே பா." சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா கண்ணு சொன்ன? இவ்ளோ நேரம்?"

"ஒண்ணுமில்ல. பெருசா சொன்னா மார்க் ஜாஸ்தி. நீதான சொன்ன."

"ஏன் அழற?"

"வெங்காயம்" என்றாள்.

காலையில் பஸ்ஸுக்கு முன்பே போய் நின்றேன். கம்பெனிக்குள் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். கேட்க வேண்டுமானால் இப்போதுதான். டீக்கடைக்குப் பின்னால், லாரிச் சத்தம் குறைவாக இருந்த மூலையில் நின்று, போனில் மொழிபெயர்க்கிற ஆப்பைத் திறந்து பிரெஞ்சு, தமிழ் என்று வைத்தேன். அந்த வாக்கியத்தைச் சொன்னேன். முதல் தடவை கடலைப் பற்றி ஏதோ வந்தது. இரண்டாம் தடவை ஒன்றுமே வரவில்லை. மகள் சொன்ன ராகத்தை நினைவுபடுத்திக்கொண்டு, மெதுவாக, அவளைப் போலவே சொன்னேன்.

'என் அம்மாவுக்குத் தெரியாது' என்று திரையில் வந்தது.

பிறகு என்ன தோன்றியதோ, அந்தக் கேள்வியையும் சொல்லிப் பார்த்தேன். "கெ ஃபே தோம் பேர்." 'உன் அப்பா என்ன செய்கிறார்?' என்று வந்தது.

பஸ் வந்து ஹாரன் அடித்தது. மாதனூர்க்காரி ஜன்னலில் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். ஏறி உட்கார்ந்தேன். அவள் ஏதோ கேட்டாள், நான் ஏதோ சொன்னேன். அன்று நான் பேக் செய்ததில் இரண்டு பெட்டியில் இடதுகால் ஷூவே ஜோடியாகப் போய், செக்கிங்கில் திரும்பி வந்தது. அதுவரை எனக்கு அப்படி நடந்ததில்லை.

நாள் முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியும். எவ்வளவு நாளாகத் தெரியும் என்று தெரியவில்லை. அவளுக்குத் தெரியக்கூடாது என்று நான் ஒவ்வொரு ஞாயிறும் சிரித்துக்கொண்டிருக்க, எனக்குத் தெரியக்கூடாது என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு, தனித்தனியாக. அதைச் சொல்ல அவளுக்கும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. புரியாத ஆளாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

திரும்பும்போது பஸ்ஸில் போனை எடுத்து இந்த முறை தமிழில் எழுதினேன். 'உன் அம்மாவுக்குத் தெரியும்.' அது சொன்னதைக் காதோடு வைத்துக் கேட்டேன். "தா மேர் ஸே." அவள் சொன்னதைவிடச் சின்ன வாக்கியம். வீடு வரும்வரை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்.

டீ ஆயிற்று. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். பெயர் கேட்டேன், வயது கேட்டேன், ஊர் கேட்டேன். அப்பா கேள்வியின் இடம் வந்தது. நான் அதைக் கேட்கவில்லை.

"தா மேர் ஸே" என்றேன்.

"அது லிஸ்ட்ல இல்லம்மா. எந்த லைன் படிக்கற?" என்று எட்டிப் பார்த்தாள்.

காகிதத்தை மடித்துக் கீழே வைத்தேன். "தா மேர் ஸே" என்று மறுபடி சொன்னேன். சரியாக வந்ததா என்று தெரியவில்லை. அதனால் தமிழிலும் சொன்னேன். "உங்கம்மாவுக்குத் தெரியும்."

அவள் போர்வையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கீழே யாரோ பிள்ளையைக் கூப்பிடும் சத்தம் வந்தது. "எப்பலர்ந்து?" என்றாள்.

"நீ டென்த் படிக்கறப்போ. மாதனூர் அக்கா சொன்னா. அவ தம்பி லீவுல வந்திருந்தான். உனக்கு?"

"ப்ளஸ் ஒன்ல. நீ கடைக்குப் போயிருந்த, அப்ப அவர் கால் பண்ணாரு. பேசிக்கினே இருக்கும்போது ஒரு கொழந்தை பின்னாடி வந்து அவர் முதுகுல ஏறிச்சு. பக்கத்து வீட்டுக் கொழந்தைன்னாரு." அவள் போர்வையின் ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தாள். "பக்கத்து வீட்டுக் கொழந்தை அப்டி ஏறாதும்மா. நான் அப்டித்தான் ஏறுவேன்."

நான் கீழே வைத்த காகிதத்தை எடுத்து இன்னும் ஒரு மடிப்பு மடித்தேன்.

"அப்ப ஏன் ஞாயித்துக்கெழமை அவர்கூட சிரிச்சு சிரிச்சுப் பேசற?" அவள் குரல் உயர்ந்தது.

"நீ பக்கத்துல இருந்த."

"நான் உட்கார்ந்து இருந்ததே நீ சிரிக்கறன்னுதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கட்டிக்கொண்டு அழவும் இல்லை. எங்களுக்கு அது பழக்கமில்லாமல் போய்விட்டது. அவள் எழுந்து போய் முகம் கழுவினாள். குழாயை நிறுத்தாமல் ரொம்ப நேரம் விட்டிருந்தாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. நான் இருந்த இடத்திலேயே, கீழே, என் பக்கத்தில் உட்கார்ந்து முட்டிமேல் தலையை வைத்துக்கொண்டாள்.

"அடுத்த கேள்வி கேளு" என்றாள்.

கேட்டேன். வாரக் கடைசியில் என்ன செய்வாய் என்பது அந்தக் கேள்வி என்று பிறகு சொன்னாள். நண்பர்களோடு பூங்காவுக்குப் போவேன், நீச்சல் அடிப்பேன் என்று புத்தகத்தில் இருந்ததை ஒப்பித்தாள்.

அந்த ஞாயிறு அவர் கூப்பிட்டபோது அவள் வரவில்லை. "படிக்கிறா" என்று சொல்லிவிட்டு நானும் சீக்கிரம் வைத்துவிட்டேன்.

டெஸ்ட் அன்று கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போய்ப் பள்ளி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மற்ற மூன்று பேரும் கும்பலாக நின்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இவள் தூணோரம் தனியாக நின்று உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எதற்கு வந்தாய் என்பது போல் முகத்தைச் சுளித்தாள். ஆனால் உள்ளே போகும் முன் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

வெளியே வந்ததும், "அப்பா கேள்வி வந்துச்சா?" என்றேன்.

"வந்துச்சு."

"இன்னா சொன்ன?"

"அப்பா இன்ஜினியர், ஆபீஸ் போறாருன்னு. புக்ல இருக்கறதே. வேற சொன்னா மிஸ் நோண்டி நோண்டிக் கேப்பாங்க." படியில் இறங்கிக்கொண்டே சொன்னாள். "அம்மா கேள்வி வந்தப்பதான் கொஞ்சம் திக்கிட்டேன். ஷூ கம்பெனி, பேக்கிங்குன்னு உள்ளதயே சொன்னேன். நல்லாருக்குன்னாங்க."

மார்க் நன்றாகவே வந்தது. மார்ச்சில் எழுத்துத் தேர்வும் எழுதினாள். பிரெஞ்சில் தொண்ணூற்றுக்கு மேல். டாக்டர் வீட்டுப் பிள்ளைகள் அவளைவிட இரண்டு மூன்று மார்க் ஜாஸ்தி. ரிசல்ட் வந்த அன்று மதிய இடைவேளையில் கேட்டுக்குப் போய் போனை வாங்கிப் பார்த்து, கேண்டீனில் எல்லோரிடமும் சொன்னேன். மாதனூர்க்காரி தன் டிபன் பாக்ஸிலிருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தாள். வேறொருத்தி, "அவங்க அப்பாவுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டாள். "அவ சொல்லிப்பா" என்றேன். மகள் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய அண்ணன் மகன் மூலம் அவருக்குத் தெரிந்து, ஒரு வாரம் கழித்து வாழ்த்து அனுப்பினார். அவள் அதற்கு ஒரு கும்பிடு போடுகிற படத்தை மட்டும் திருப்பி அனுப்பினாள்.

விஷயம் வெளியே வந்துவிட்டதால் வீடு மறுபடி பழையபடி பேச்சும் சிரிப்புமாக மாறிவிடும் என்று நான் கொஞ்சம் எதிர்பார்த்தேன். அப்படி ஆகவில்லை. கேள்விகள் முடிந்தன, எதிரெதிரே உட்கார வேண்டிய காரணமும் முடிந்தது. அவள் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஆனால் எப்போதாவது, நான் பாத்திரம் கழுவும்போது பின்னால் வந்து நின்று, கழுவியதை வாங்கித் துடைத்து அடுக்குவாள். முன்பு அப்படிச் செய்ததில்லை.

ஜூனில் சென்னையில் காலேஜில் இடம் கிடைத்தது. பி.காம். அங்கும் முதல் இரண்டு வருடத்துக்கு பிரெஞ்சே எடுத்தாள். ஹாஸ்டலில் விட்டுவிட்டு ரயிலில் திரும்பினேன். காட்பாடி தாண்டி முக்கால் மணி நேரத்தில் ஜன்னலில் தோல் மண்டிகளின் வாடை வந்தது. பக்கத்து சீட்டில் ஒரு குடும்பம் மூக்கைப் பொத்திக்கொண்டது. நான் ஆம்பூர் வந்துவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, அவர் கூப்பிட்டார். பக்கத்தில் யாரும் இல்லை. முதன்முதலாக நான் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பேசினேன். பாப்பா போன் எடுக்கவே மாட்டேன்கிறாள் என்றார். "அவளுக்குத் தெரியும்" என்றேன்.

"நீ சொன்னியா?"

"இல்ல. அவளா தெரிஞ்சிக்கினா."

அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அங்கே தனியாக இருந்தது, ஜுரத்தில் கிடந்தது, பேச்சுக்குக்கூட ஆள் இல்லாதது. பொய்யாக இருக்காது. கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முடித்ததும், "கொழந்தைக்கு இப்ப இன்னா வயசு?" என்று கேட்டேன்.

"மூணு ஆவுது."

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

"சரி. வெச்சிடறேன். அடுப்புல சாதம் இருக்கு" என்றேன்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்று நான் சமைக்கவே இல்லை. கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கீழ் வீட்டில் எல்லோரும் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். தரையில் சத்தமே இல்லை. பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு, கதவைப் பூட்டி, ஏதாவது வாங்கிச் சாப்பிடலாம் என்று வெயிலில் இறங்கி நடந்தேன்.